மூடாத வட்டம்

இது நடந்தது. காது மூக்கு வைத்துப் பெரிதாக்கிய கதை அல்ல. அந்த மர அறுவை மில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிற வேலை எனக்கு, பதினாறு வருஷமாக. பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியை, யாருக்கு நடந்ததோ அவனே என் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னான். பேய் என்றால் நடுராத்திரி, சலங்கைச் சத்தம் என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். இது பட்டப்பகல். மத்தியானம் மூன்று நாற்பது.

அவனை நாங்கள் 'வட்டம்' என்றுதான் கூப்பிடுவோம். வேலை அப்படி. மில்லுக்கு வருகிற ஒவ்வொரு மரத்தையும் அவன்தான் முதலில் பார்க்க வேண்டும். மரம் பொல்லாதது. தன் மேல் அடித்த ஆணியை, மாட்டிய கொக்கியை, கட்டிய கம்பியை மெல்ல மெல்ல விழுங்கிவிடும். பத்து வருஷம் போனால் வெளியே தழும்புகூட இருக்காது. அது ஓடுகிற ரம்பத்தில் பட்டால் அவ்வளவுதான், இருபத்து நாலு அடி இரும்புப் பட்டை அறுந்து பறக்கும். அதனால் உள்ளே இரும்பு இருக்கிற இடத்தில் வட்டம் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவான். வட்டம் இருந்தால் அறுக்கக் கூடாது. முதலில் உளியால் தோண்டி இரும்பை எடுக்க வேண்டும்.

மர விஷயத்தில் அவன் கெட்டிக்காரன், சும்மா சொல்லக்கூடாது. முகர்ந்தே மரத்தைச் சொல்லிவிடுவான். தேக்கில் எண்ணெய் இருக்கிறது, கரையான் கிட்டே வராது, கதவுக்குப் போடு என்பான். வேம்பு கசந்தே பிழைக்கிற மரம், துணிப்பெட்டிக்குப் போடு என்பான். மா மரம் மலிவு, ஆனால் வண்டு குடைந்து மாவாக்கிவிடும், கான்கிரீட்டுக்கு அடைக்கிற பலகையோடு நிறுத்து என்பான். பெரும்பாலான மரம் இரும்பைக் காட்டிக்கொடுத்துவிடும். துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து நீலக் கறுப்பாக ஒரு கறை ஓடும், அறுத்த முகத்திலேயே தெரியும். புளிய மரம் மட்டும் கள்ளன். அதன் நடுவில் இருக்கிற வைரமே கறுப்பு. கறையா வைரமா என்று கண்ணால் சொல்ல முடியாது. இரும்பு இருந்தால் கத்துகிற டிடெக்டரை எடுத்து அடிமுதல் நுனிவரை தடவினால்தான் உண்டு.

ரம்பத்தில் மரம் அறுத்தவன் வட்டத்தின் மச்சான். மனைவியின் ஒரே தம்பி. இடது கைக்காரன், வாயாடி. வட்டம் கவனிக்காமல் விட்ட ஆணி எதையாவது கண்டுபிடித்தால் அவனே ஒரு வட்டம் போடுவான். அது மூடாது. உச்சியில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டிருப்பான்.

"என்னடா மச்சான், அரைகுறையா போட்டிருக்க?"

"ஆணி மூச்சு விட வேணாமா மாமா?"

மில்லே சிரிக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு புளிய மரம் வந்தது. கறிக்கடைக்காரர் கட்டை கேட்டிருந்தார். வெட்டுக் கட்டைக்குப் புளிதான், எத்தனை கத்தி விழுந்தாலும் சிலாம்பு எழும்பாது. டிடெக்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. புதிய பேட்டரி ஆபீஸ் அலமாரியில். நாற்பது அடி தூரம். வட்டம் மரத்தின் முகத்தைப் பார்த்தான். வெளிறிய பகுதியில் கறுப்பாக ஒரு கோடு. வைரம் அங்கே வராது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் 'வைரம்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"மாமா, இத பாத்தாச்சா?" என்று மரம் ஏற்றிய டிராலியிலிருந்து மச்சான் கத்தினான்.

"பாத்தாச்சு, விடு" என்றான் வட்டம், நாலடி பின்னால் நின்று.

ரம்பத்துப் பக்கம் வேறு யாரும் இல்லை. மணி மூன்று நாற்பது. படார் என்று ஒரு சத்தம். வட்டம் திரும்பி ஓடினான். அவன் மச்சான் ஓடவில்லை. ஓட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

நாங்கள் ஓடி வருவதற்குள் வட்டம் திரும்பி வந்து ஒரு காரியம் செய்திருந்தான். பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அந்த மரத்தில், ஆணி இருந்த இடத்தில், அழகாக ஒரு வட்டம் போட்டுவிட்டான். 'நான் ஆபீஸில் இருந்தேன், குறி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனேன், அவன்தான் பார்க்காமல் விட்டுவிட்டான்' என்று எல்லாரிடமும் சொன்னான். முதலாளி நம்பினார். விசாரிக்க வந்தவர்களும் நம்பினார்கள். செத்தவன் மேல் பழியைப் போட்டு மூடிவிட்டார்கள்.

நான் நம்பவில்லை. சாக்பீஸ் கோடு மரத்தூளுக்கு மேலே இருந்தது. அறுக்கும் முன் போட்ட வட்டமாக இருந்தால் தூளல்லவா அதன் மேல் விழுந்திருக்க வேண்டும்? பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

அறுந்த ரம்பப் பட்டையைப் பொறுக்கிக் கூட்டி என் பட்டறைச் சுவரில் மாட்டினேன். எல்லாத் துண்டுகளும் கிடைத்தன. ஒரே ஒரு பல்லின் நுனியைத் தவிர.

அன்று ராத்திரி வட்டத்தின் மனைவி அவன் சட்டையில் ரத்தப் பொட்டைப் பார்த்தாள். முதுகில், இடது தோளுக்குக் கீழே, சின்னக் கீறல். மரச் சிலாம்பு என்றான். அழுதுகொண்டே மருந்து தடவி பிளாஸ்திரி ஒட்டினாள்.

"எந் தம்பிக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அவ்ளோ பெரிய வட்டத்த எப்படிங்க பாக்காம விட்டான்?"

"விதி. நான் என்ன செய்ய?"

தினமும் இதையே கேட்டாள். தினமும் இதையே சொன்னான்.

ஒன்பது நாள் கழித்து மில்லைத் திறந்தார்கள். முதல் நாளே ஒரு வேப்ப மரம். வட்டம் இன்னும் அதைத் தொடவே இல்லை. மூன்று நாற்பதுக்குத் திரும்பிப் பார்த்தால் மரப்பட்டையின் மேல் ஒரு சாக்பீஸ் வட்டம்.

உச்சியில் விரல் அளவு இடைவெளி.

எவனோ விளையாடுகிறான் என்று வட்டத்துக்குக் கோபம் வந்தது. டிடெக்டரை வைத்தான். கீய்ங்... என்று கத்தியது. தோண்டினோம். துருப்பிடித்த ஊஞ்சல் கொக்கி.

நாலாம் நாள் ஒரு பலா மரம். அதே நேரம். அதே வட்டம். டிடெக்டர் கத்தவில்லை. "அப்பாடா!" என்று வட்டம் வாய்விட்டுச் சிரித்தான். எனக்கு மனசு கேட்கவில்லை, உளியை வைத்தேன். ஒரு முழம் உள்ளே, மஞ்சள் மரத்துக்கு நடுவில், கட்டைவிரல் நீளத்துக்கு ஆணி. அவ்வளவு ஆழத்தில் இருந்தால் எந்தக் கருவிக்கும் தெரியாது.

அடுத்தது காட்டுத் தேக்கு. நடுக்காட்டில் நின்ற மரம், அதில் யார் ஆணி அடிக்கப் போகிறார்கள்? எல்லாரும் சிரித்தோம். பிளந்தால், உள்ளே ஒரு துப்பாக்கி ரவை.

"ஒனக்கு எக்ஸ்ரே கண்ணுய்யா!" என்று முதலாளி வட்டத்தின் தோளில் தட்டினார். செத்தவன் செய்த வேலைக்கு இவனுக்குப் பாராட்டு. இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது.

மில் திறந்த இருபத்து மூன்றாம் நாள். அன்று நடந்ததை அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

மூன்று முப்பதுக்குக் கரண்ட் போனது. ரம்பம் முனகி முனகி நின்றது. நாங்கள் எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டோம். வட்டம் மட்டும் உள்ளே இருந்தான். மூலையில் கோணியைப் போட்டு மூடியிருந்த அந்தப் புளியங்கட்டையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதாம். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

கோணியை எடுத்தான்.

அவன் போட்ட வட்டம் அங்கே இல்லை. தேய்ந்தும் போகவில்லை. ஈரத்துணி கொண்டு துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது மரம்.

மணி மூன்று முப்பத்தெட்டு.

பின்னால் ஒரு சத்தம். க்ரீச்...

மரப்பட்டையில் சாக்பீஸ் இழுக்கிற சத்தம்.

திரும்பினான். யாரும் இல்லை. அடுக்கி வைத்த மரங்கள். மரத்தூள். வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது.

க்ரீச்... க்ரீச்...

இப்போது வலது பக்கம். கிட்டத்தில்.

"மச்சான்..." என்றான். ஏன் அப்படிக் கூப்பிட்டோம் என்று பிறகு நினைத்து நினைத்து நொந்தானாம்.

சத்தம் நின்றது.

தூளில் ஒரு காலடி. பிறகு ஒன்று.

கால் நகரவில்லை அவனுக்கு.

மூன்று முப்பத்தொன்பது...

முதுகில் எதுவோ பட்டது.

மெல்ல. நிதானமாக. மரத்தில் குறி போடுகிறவன் போடுவதைப் போல.

கீழிருந்து மேலே... வளைந்து... இடப்பக்கமாக...

நின்றது.

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"பாத்தாச்சா மாமா?"

அவன் எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்குத் தெரியாது. டீக்கடையிலிருந்து நாங்கள் பார்த்தோம், செருப்பில்லாமல் ஓடினான். வீட்டு வாசலில் மனைவி நின்றாள்.

"என்னங்க இது முதுகெல்லாம் சாக்பீஸு?"

சட்டையைக் கழற்றினாள். சட்டையில் இருந்த வட்டம் தோலிலும் இருந்தது. இடது தோளுக்குக் கீழே. உச்சியில் விரல் அளவு இடைவெளி. அவள் அந்த இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"எந் தம்பி போடுற மாதிரியே இருக்கு" என்றாள்.

சோப்புப் போட்டுக் கழுவினாள். போய்விட்டது. மறுநாள் மூன்று நாற்பதுக்கு, கட்டிலில் படுத்திருந்தவன் முதுகில் திரும்ப வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அவள்தான் இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தாள். வட்டம் எங்கே இருந்ததோ, சரியாக அந்த இடத்தில், விலா எலும்பைத் தாண்டி உள்ளே, அரிசி அளவுக்கு ஒரு முக்கோணம் வெள்ளையாகத் தெரிந்தது. இரும்பு. நுனி இதயத்தைப் பார்த்துக் கிடக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது, எடுக்கப் போனாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து என்றார் டாக்டர்.

அவள் நேரே என்னிடம் வந்தாள். படத்தை வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

"அண்ணே, இது ஒங்க ரம்பத்துப் பல்லா?"

பதினாறு வருஷம் தினமும் அரம் போட்ட பல் எனக்குத் தெரியாதா? சுவரில் மாட்டியிருந்த பட்டையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். நுனி இல்லாத அந்த ஒரு பல்லில் போய் அவள் கண் நின்றது.

"அன்னைக்கு அவரு ஆபீஸ்ல இருந்தாருன்னாங்களே. ஆபீஸ்ல இருந்தவரு முதுகுல இது எப்படிண்ணே வந்துச்சு?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? சொல்லிவிட்டேன். தூளுக்கு மேலே இருந்த சாக்பீஸ் கோட்டைப் பற்றி, நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததைப் பற்றி, எல்லாம். என்னைக் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். நேரே முதலாளியிடம் போய் வட்டத்தை முன்னால் நிறுத்தி, அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள். தம்பி மேல் இருந்த பழி போனது. தம்பி வரவில்லை.

வட்டம் இப்போது வேலைக்குப் போவதில்லை. வீட்டில்தான் கிடக்கிறான். அவள் அவனை விட்டுப் போகவில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். அந்த வட்டம் இன்றும் தினமும் மூன்று நாற்பதுக்கு வருகிறது. அவள் சட்டையைத் தூக்கிப் பார்ப்பாள். அவனால் தன் முதுகைப் பார்க்க முடியாது. வீட்டில் இருந்த கண்ணாடியை அவள் எப்போதோ எடுத்துவிட்டாள்.

"இடைவெளி எவ்ளோ இருக்கு?" என்று கேட்பானாம்.

"இருக்கு" என்பாளாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

நேற்று அவளைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"மொதல்ல ஒரு விரலு இருந்துச்சுண்ணே. போன மாசம் பாதி ஆச்சு. நேத்து பாத்தேன். நூல் போற அளவுதான் இருக்கு."

நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அவன்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

தக்காளியைப் பையில் போட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந் தம்பிகிட்ட யாருண்ணே சொன்னா?"

கடைக் கடிகாரத்தில் மணி மூன்று இருபது. வீட்டுக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும். பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.