இரண்டு படிகளுக்கு ஒரு சாய்தளம்

என் கணவருக்குக் கால் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அல்வாலில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு படிகள். சக்கர நாற்காலியை இறக்க ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டியிருந்தது.

"நானே ஒரு சாய்தளம் செஞ்சு போட்டறனுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கார் ஷெட்டிலிருக்கும் என் மேசை ரம்ப மெஷினில் அறுத்துச் செய்த அலமாரியில்தான் அவருடைய சட்டைகள் இருந்தன.

பழைய கட்டில் ஒன்றைப் பிரித்து மரம் எடுத்தேன். காந்தத்தை ஓட்டி, உள்ளே ஆணி எதுவும் தங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை துப்பட்டாவைக் கழற்றி வைத்து, முடியை இறுக்கி முடிந்து, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டினேன். நீளப் பலகைகளைத் தாங்கிப் பிடிக்கப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்காக இங்கே வந்த குடும்பம் அவருடையது; அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்தே வரும்.

ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய தகட்டைக் காட்டி, "இது கைக்கும்மா, எதுக்கு இது? கழட்டிட்டா ஈஸியா போகும்ல" என்றார்.

"இருக்கட்டுங்ண்ணா. நீங்க அடியில தாங்கினாப் போதும், இழுக்க வேண்டாம்."

"ஹவ், சரி."

பலகையின் நேரான விளிம்பைத் தடுப்புச் சட்டத்தோடு ஒட்டி வைத்தேன். பற்கள் மரத்துக்கு மேல் கொஞ்சமே தெரியும்படி ரம்பத்தை இறக்கினேன். மரம் எகிறினால் ரம்பத்துக்கு நேராக நிற்பவரின் வயிற்றில்தான் வந்து மோதும். அதனால் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றே ஸ்விட்சைப் போட்டேன். கடைசிப் பகுதியைக் கையால் தொடாமல் ஒரு கட்டையால் தள்ளினேன். முதல் பலகை வெண்ணெய் மாதிரி அறுபட்டது.

இரண்டாவது பலகை பாதி தாண்டியதும் சத்தம் மாறியது. அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு, மரம் அந்தத் தகட்டைக் கவ்வியிருந்தது. பலகை நகரவில்லை, ரம்பம் முனகியது. அண்ணன் வெட்டை அகட்டிவிடலாம் என்று விரல்களை நீட்டினார்.

முழங்காலால் ஸ்விட்சைத் தட்டி அணைத்தேன். "கையை எடுங்ண்ணா."

கத்தவில்லை. ஆனால் அப்படியொரு குரலில் நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அணைத்த பிறகும் ரம்பம் சுற்றிக்கொண்டிருந்தது. அது முழுக்க நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆஃப் பண்ணாலும் இவ்ளோ நேரம் சுத்துமா?" என்றார். முகம் வெளுத்திருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெட்டுக்குள் ஒரு சிறு ஆப்பைச் செருகி அகட்டினேன். "இந்தத் தகடு இல்லீன்னா மரம் ரம்பத்தையே புடிச்சிருக்கும். பலகை இந்தப் பக்கம் பறந்து வந்திருக்குங்ண்ணா."

அவர் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். "நக்கோம்மா, வேணாம், இதைக் கழட்டவே நக்கோ."

ஜன்னலருகே இருந்த என் கணவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். "இன்னிக்கு இது போதுமே?"

"டீ குடிச்சுட்டு மீதியை அறுக்கறனுங்க" என்றேன். சொன்னபடியே அறுத்தேன். பலகைகளைச் சேர்த்துத் திருகாணி முடுக்கி, படிகளின் மேல் சாய்தளத்தைப் போட்டேன்.

மாலையில் அவர் யாரையும் கூப்பிடாமல் தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். கேட்டைத் திறந்து தெருவுக்கே போய்விட்டார். திரும்பி வந்தபோது மடியில் மிர்ச்சி பஜ்ஜிப் பொட்டலம் இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு அந்தச் சாய்தளத்தை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அதில்தான் அவருடைய ஸ்கூட்டர் ஏறுகிறது.