மடைக்குழி

நான் சீவலப்பேரிக்காரன். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் குளம் எங்களுடையது. கோடையில் மடைக்கு உள்பக்கம் இருக்கும் ஆழக் குழியையும் இறைத்து, கடைசி விரால் வரை பிடித்துவிடுவோம். மறுவருஷம் வாய்க்காலோடு மீனும் வந்துவிடும். உலகத்துக் குளமெல்லாம் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்கு வாத்தியாராகப் போனபோது எனக்கு வயது இருபத்தைந்து. வாய்க்கு மட்டும் ஐம்பது. அங்கே இருந்தது மழையை நம்பிய குளம். மீன்பிடி நாளில் ஊரே சேற்றில் இறங்கியது. மடைக்குழியை மட்டும் யாரும் தொடவில்லை. சாமி குத்தமா என்று கேட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி, மூன்று பிள்ளைகளோடு தனியாக இருந்தவள், மீன்பிடி நாளில் கிடைக்கும் மீனைக் கருவாடு போட்டுத்தான் மழைக்காலத்தை ஓட்டுவாள்.

"குழியத் தொடாதீங்க வாத்தியாரய்யா. அதுல கெடக்கதுதான் அடுத்த வருசத்துக்கு" என்றாள்.

"எங்க ஊர்ல வருசா வருசம் இறைக்கோம். மீன் வராமலா போச்சு?" என்றேன்.

"வாத்தியாருக்குத் தெரியாததா வே" என்று ஆண்கள் இறைக்கத் தொடங்கினார்கள். அன்று எல்லார் வீட்டிலும் விரால் குழம்பு. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஐப்பசியில் குளம் பெருகி, கோடையில் வற்றியது. சேற்றைத் துழாவிய கைகளில் நத்தையும் தவளையும்தான் அகப்பட்டன. எங்கள் குளத்துக்கு மேலே ஆறு இருந்தது. இதற்கு மேலே வெறும் பொட்டல். மீன் எங்கிருந்து வரும்? விதைநெல்லைக் குத்திச் சோறாக்கச் சொன்னவன் நான். ஒருவரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கப் பக்கத்து வீட்டில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள உப்புக்கல்தான். அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மழை விட்டதும் ஊருக்குப் போய், நான்கு பானைகளில் விரால் குஞ்சுகளை மாட்டுவண்டியில் ஏற்றினேன். பஸ் ஏது அப்போது? கிணறு கிணறாக நின்று தண்ணீர் மாற்றியும் பாதி செத்துப்போயின. மீதியைப் பக்கத்து வீட்டுக்காரியே என் கையிலிருந்து வாங்கிக் குளத்தில் விட்டாள். இரண்டு கோடை யாரும் குளத்தில் இறங்கவில்லை.

மூன்றாம் கோடையில் மறுபடி மீன்பிடி நாள் வந்தது. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நான் குழிப்பக்கம் திரும்பியதும் அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் குழிக்கும் நடுவே வந்து நின்றாள்.

"நீங்க கரையில இருங்க வாத்தியாரய்யா. உங்க வீட்டுக்கு மீன் நான் கொண்டாந்து தாரேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கரையேறினேன்.