பதினொரு மணிக்கு எடுத்த நகல்

அந்த மாடிக் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பழுது பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது. வெறும் கூட்டாளிகளாக இருந்திருந்தால் என்றைக்கோ ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்கள். கெட்ட நேரம், ஒருவர் பெண்ணை மற்றவர் மகனுக்குக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பெண்ணைக் கொடுத்தவர் எட்டு வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு பின்மேஜையில் கிடந்தார். பையனைப் பெற்றவர் முன்மேஜையில் உட்கார்ந்து வாயாலேயே கடை நடத்தினார்.

பின்மேஜைக்காரருக்குத் தெருவில் நகல்காரர் என்று பெயர். பஸ் டிக்கெட்டைக்கூடப் பிரதி எடுத்து வைக்கிற ஆள் என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். எந்த டிஸ்க் வந்தாலும் அதைக் கழற்றி, படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்கிற மாதிரி பூட்டி, முழுசாக இன்னொரு டிஸ்கில் நகலெடுப்பார். பழுது பார்ப்பதெல்லாம் நகலில்தான். அசலில் கை வைப்பது அவர் கணக்கில் கொலைபாதகம். இதைத்தான் சம்பந்தி வருகிறவர்களிடமெல்லாம் சோம்பேறித்தனம் என்று சொல்லிச் சிரிப்பார். பத்து நிமிஷ வேலையைப் பகல் முழுக்க இழுக்கிறாராம்.

அன்று காலை ஒரு பெண் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கால் வளைந்த குழந்தைகளுக்கு அளவெடுத்துச் செருப்பு தைப்பவர். நானூறு குழந்தைகளின் பாத அளவுகள் உள்ளே இருக்கின்றன, வேறெங்கும் இல்லை என்றார். திரையோ கறுத்துப்போய், ஒன்றையும் காணவில்லை என்று ஒற்றை வரி காட்டியது. நகல்காரர் பார்த்தார். எங்கிருந்து தொடங்க வேண்டும், எது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பூட் ரெக்கார்டு, டிஸ்கின் முதல் துண்டு, அதுதான் கெட்டிருந்தது. மற்றதெல்லாம் பத்திரம். பதினொரு மணிக்கு நகல் முடிந்தது. நகலில் அந்தத் துண்டைத் திருத்தி எழுதி, ஓடுகிறதா என்று பார்த்து, டிராயரில் வைத்தார். அசலின் மேல் ‘தொட வேண்டாம்’ என்று சீட்டு ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சீட்டைப் பார்த்ததும் சம்பந்திக்குக் கை துறுதுறுத்தது. அந்தப் பெண்ணும் திரும்பி வந்து நின்றார். சம்பந்தி அசலை மாட்டி, பூட் ரெக்கார்டைப் புதிதாக எழுதுகிறேன் பேர்வழி என்று முதல் துண்டை அடியோடு அழித்தார். டிஸ்க் காலியாக இருக்கிறது, புதிதாக அமைக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்கும் சரி என்று தட்டித் தொலைத்தார்.

நகல்காரர் திரும்பி வந்தபோது பழி அவர் தலையில் ஏறியிருந்தது. காலையில் பின்மேஜையில் கழற்றியபோதே எல்லாம் போய்விட்டது என்று சம்பந்தி கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நகல்காரர் திரையைப் பார்த்தார், நடந்தது புரிந்துவிட்டது. கையை நீட்டினால் டிராயர். ஆனால் எட்டு வருடம் சொன்ன பொய்களில் ஒன்றையாவது இந்த ஆள் வாயாலேயே திரும்ப வாங்க வைக்க வேண்டும் என்று அவருக்கு வெறி வந்தது. கையை நீட்டவில்லை.

“கடைசியா யாரு கை வச்சதுன்னு இவங்ககிட்ட சொல்லுங்க சம்பந்தி.”

சம்பந்தி வாயைத் திறக்கவில்லை. நகல்காரரும் அசையவில்லை. அந்தப் பெண் முக்காலியில் உட்கார்ந்து ஒரு தாளை வாங்கி, நினைவிலிருக்கும் அளவுகளை எழுதத் தொடங்கினார். இடது கால், வலது கால், குதிகால் உயரம். பதினெட்டாவது குழந்தையோடு பென்சில் நின்றுவிட்டது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். நகல்காரர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து சம்பந்தி தலையைக் குனிந்தார். “நான்தாங்க. நான்தான் அழிச்சேன்.”

நகல்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. டிராயரைத் திறந்து டிஸ்கை எடுத்து மாட்டினார். கம்ப்யூட்டர் ஓடியது. நானூறு பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. அந்தப் பெண் மேலிருந்து கீழே வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, இது எப்போது எடுத்தது என்று கேட்டார். பதினொரு மணிக்கு என்றார் நகல்காரர், பெருமையாகவே.

அந்தப் பெண் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “அப்ப நான் அழுதுட்டு இருந்தப்போ இது உங்க டிராயர்லதான் இருந்துச்சு.”

நகல்காரர் திறந்து கிடந்த டிராயரை மூடினார்.

“அவரு தெரியாம செஞ்சாரு. நீங்க தெரிஞ்சே செஞ்சீங்க.”

அவ்வளவுதான். கம்ப்யூட்டரைத் தூக்கினார். சம்பந்தி ஓடிப்போய் வாங்கிக்கொண்டு படியிறங்கினார். நகல்காரரை அந்தப் பெண் திரும்பியும் பார்க்கவில்லை.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். மாமனார் வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் என்னென்னவோ சொல்கிறாராம். ஒரு பொம்பளையை அழவிட்டு அப்பா வேடிக்கை பார்த்தாராம். அவள் குரலில் கோபம் கொதித்தது, எல்லாம் மாமனார் மேல்.

“அவரு சொல்றது பொய்தானேப்பா? நான் இப்பவே போய்க் கேக்குறேன்.”

“கேக்காதம்மா,” என்றார் நகல்காரர். “இன்னைக்கு அவரு பொய் சொல்லல.”