மண்ணீரல் இல்லாத பிள்ளை

ஏழு வயது வரை என் கண்கள் மஞ்சளாகவே இருந்தன. என் ரத்தத்தில் சிவப்பணுக்கள் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருந்தனவாம். மண்ணீரல் அவற்றைப் பழுதானவை என்று எண்ணி உடைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கடைசியில், வரிசையாகத் தடுப்பூசிகளைப் போட்டு முடித்து, அந்த மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் கண்கள் வெளுத்தன. நோய் தீர்ந்தது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள், அம்மாவைத் தவிர.

காரணம், ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் சொன்னதை அம்மா மட்டும்தான் முழுதாகக் கேட்டிருந்தாள். ரத்தத்தில் நுழையும் கிருமிகளை வடிகட்டியதும் அதே மண்ணீரல்தான். இனி இவளுக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும், விடியட்டும், குறையட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார் அவர். அன்றிலிருந்து அம்மாவின் புறங்கை என் கழுத்திலேயே குடியிருந்தது. பரீட்சைக்குப் போகும்போதும் தொடுவாள், கல்யாணப் பந்தியிலும் தொடுவாள். நான் கையைத் தட்டிவிடுவேன். சித்தப்பா, "மதினிக்குத் தெர்மாமீட்டர் செலவு மிச்சம்" என்பார்.

அப்பாவும் சித்தப்பாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் ஜாக்கெட் துணிக்கடை வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வருஷத்தின் பெரிய நாள். அம்மாவும் அன்று கடைக்கு வந்து புடவைக்குப் பொருத்தமான நிறம் பார்த்துக் கொடுப்பாள். மண்ணீரல் எடுத்த மறுவருஷம், அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்திருந்தார்கள். மத்தியானம் எனக்குக் குளிர ஆரம்பித்தது. ஒரு லைனிங் துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்தப் புழுக்கத்தில் ஒரு பிள்ளை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது.

"கொதிக்குது" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து.

சித்தப்பா தலையைத் திருப்பாமலே, "ஒரு காய்ச்ச மாத்திரையக் குடுத்துப் படுக்க வைங்க மதினி. கூட்டம் குறையட்டும், சாயந்திரம் பாப்போம்" என்றார்.

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். அம்மா என்னைத் தூக்கினாள். அப்பா அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பாதி வெட்டிய துணியில் கத்தரிக்கோலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து என்னை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தை இடித்துப் பிளந்து உஸ்மான் ரோட்டுக்கு வந்தோம். ஆட்டோக்காரர், "தீபாவளி டைம்ல எவன்மா இதுக்குள்ள வண்டி ஓட்டுவான்?" என்றார்.

"மண்ணீரல் இல்லாத பிள்ளை. காய்ச்சல் வந்துட்டு" என்றாள் அம்மா.

"ஈரல் இல்லியா? இன்னாம்மா சொல்ற? ஏறு, ஏறு."

யாரும் அவரைத் திருத்தவில்லை. ஈரலே இல்லாத ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்ட பதற்றத்தில், அவர் எதிர்த்திசையில் புகுந்து, தேனாம்பேட்டை சிக்னலில் போலீஸ்காரரிடமே சத்தம் போட்டு வழி வாங்கி, எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது எனக்கு உடம்பு நெருப்பாகவும் பாதம் ஐஸாகவும் இருந்தது. அம்மா அங்கேயும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னாள். இளவயது டாக்டர் ஒருவர் அதைக் கேட்டதும் ஓடினார். பிரஷர் இறங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். இரண்டு கையிலும் ஊசி ஏறியது. அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்று என் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "கூசுதுப்பா" என்றேன். அவர் நிறுத்தவில்லை.

மறுநாள் பாதம் சூடானது. காய்ச்சல் இறங்கியது. ஆனாலும் மருந்து முடியும்வரை விடமாட்டோம் என்று வைத்துக்கொண்டதால், தீபாவளி எனக்கு வார்டிலேயே விடிந்தது. ஜன்னல் வழியே தெருவில் வெடிச் சத்தம் கேட்டது. புதுப் பாவாடையை மடிப்புக் கலையாமல் கால்மாட்டில் வைத்துவிட்டு அம்மா எனக்கு இட்லி ஊட்டினாள். நான் அவளோடு பேசவில்லை.

அப்போது சித்தப்பா அதிரசப் பொட்டலத்தோடு வந்து கதவருகிலேயே நின்றார். முறையிட எனக்கு ஆள் கிடைத்தது.

"சின்னக் காய்ச்சல்தான் சித்தப்பா, ஒரே நாள்ல போயிட்டு. அம்மாதான் சும்மா பயந்து, தீபாவளியக் கெடுத்துட்டா."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதிரசப் பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமாட்டி, சின்னக் காய்ச்சல்தான்" என்று சொல்லி, அம்மா என் வாயைத் துடைத்துவிட்டாள். என் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. பெரிதாக விடாமல் அந்தக் காய்ச்சலை அவள் பிடித்து நிறுத்தியிருந்தாள் என்பது புரிய எனக்குப் பல வருஷங்கள் ஆயின.