பத்தொன்பதாம் நிரையில் ஒரு மான்

டிரஸ்ஸர் செல்லப்பனுக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். மலாயாவில், ஸ்கூடாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரனுக்குக் கொயினா மருந்து கொடுக்கும்போதும் கால் தாளம் போடும். இந்த மனுஷனுக்குத்தான் மானைப் படம் பிடிக்கும் ஆசை வந்தது.

அது 1934ஆம் வருஷம், ரப்பர் மரங்கள் இலை கொட்டிய மாசி மாதம். மற்ற மாதங்களில் மரத்தடி இருட்டாக இருக்கும். அவருடைய பழைய பெட்டிக் கேமராவில் ஒன்றும் விழாது. கிளைகள் மொட்டையாக நிற்கும் அந்தச் சில வாரங்களில்தான் தரைவரை வெயில் இறங்கும். அவர் வீட்டுக்குப் பின்னால், காட்டோரத்து ரப்பர் மரங்களுக்கிடையே, ஒரு பெண்மான் குட்டியோடு மேய வந்துகொண்டிருந்தது. ஆனால் காய்ந்த சருகில் கால் கொஞ்சம் அசைந்தால் போதும், மான் பறந்துவிடும்.

பதினோரு நாள் காலையில் போனார். பதினோரு நாளும் வெறுங்கையோடு திரும்பினார்.

"ஒங்க காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. மான் மட்டும் நிக்கணுமா?" என்றாள் மனைவி ராசம்மா.

பன்னிரண்டாம் நாள் இரண்டு முழங்காலையும் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படம் விழுந்தது.

ஜோகூர் பாருவில் கழுவி வாங்கிய படத்தைத் தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கக் காட்டினார். அதோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் தொரையிடமும் நீட்டினார். தொரைக்கு வேட்டைப் பைத்தியம் என்பது தோட்டத்துக்கே தெரியும். இவருக்கு மட்டும் அன்று மறந்துவிட்டது.

இது எந்த இடம் என்று தொரை கேட்டார்.

"காட்டுக்குள்ள தொரை. ரொம்பத் தூரம்."

தொரை சிரித்தபடி படத்தின்மேல் விரலை வைத்தார். மானுக்குப் பின்னால் இருந்த மரத்தில், ரப்பர் பால் வெட்டும் மர வரிசையான நிரைக்கு அடையாளமாக வெள்ளைப் பெயிண்டில் எழுதிய 19, மானைவிடத் தெளிவாக விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை துப்பாக்கியோடு வருவதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து செல்லப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. முன்பாவது தட்டோடு நடந்தார். இப்போது வெறுமனே நடந்தார்.

"நானே காட்டிக் குடுத்துட்டேன், ராசம்மா."

"அப்ப நீங்களே போயி வெரட்டுங்க. பதினோரு நாளு செஞ்ச வேலைதானே."

ஞாயிறு விடிந்ததும் ரப்பர் பால் வாளியையும் ஒரு கட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடினார். கேமராவை எடுக்கவில்லை. பத்தொன்பதாம் நிரையில் மான் நின்றது. குட்டி மடியில் முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. நல்ல வெளிச்சம். அவரைப் பார்த்தும் மான் ஓடவில்லை, இத்தனை நாளில் பழகிவிட்டதோ என்னவோ. துண்டு கட்டாமலே அவர் கால்கள் அசையாமல் நின்றன. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் போலிருந்தது.

ரோட்டில் தொரையின் கார்ச் சத்தம் கேட்டது.

செல்லப்பன் வாளியை ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே சருகில் குதித்தார். மானும் குட்டியும் காட்டுக்குள் மறைந்த பிறகும் நிறுத்தவில்லை. துப்பாக்கியோடு தொரை வந்து எதிரே நின்ற பிறகும் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே அடித்தார்.