பெண் பிள்ளை என்று நான் எழுதிய அட்டைகள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

தொண்ணூறுகளில் கொலோன் நகரத்தில், பழைய புகைப்படங்களைப் பேணும் ஒரு சிறிய காப்பகத்தில் நான் துப்புரவுத் தொழிலாளியாகச் சேர்ந்தேன். வேலை நேரத் தாளில் என் கையெழுத்தைக் கண்ட பொறுப்பாளர் வேபர் அம்மையார், படங்களுக்கு விவர அட்டை எழுதும் பணியை எனக்கு அளித்தார். அதைச் செவ்வனே முடித்தால் நிரந்தர ஒப்பந்தம் தருவதாகவும் கூறினார். அவ்வொப்பந்தம் இன்றி எங்கள் குடும்பத்தின் விசா நீடிக்காது.

படங்கள் லிண்ட்னர் என்னும் முதியவருடையவை. அமெரிக்காவில் குடியேறிப் பின்பு ஜெர்மனிக்குத் திரும்பிய அவர் முன்னோர், நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே எடுத்துக்கொண்டவை. மெல்லிய இரும்புத் தகட்டில் பதிந்த, உள்ளங்கையளவுப் படங்கள். பெரும்பாலும் குழந்தைகள். தோள் தெரியும் கவுன். பிள்ளை வளர வளரப் பிரித்து நீட்டுவதற்காக அதன் கீழ்விளிம்பில் இரண்டு மூன்று மடிப்புகள். கவுன் அணிந்த அனைவரையும் ‘பெண் பிள்ளை’ என்று எழுதினேன். எவரிடமும் கேட்கவில்லை. குறித்த நாளுக்கு முன்பே முடித்த பெருமை வேறு.

லிண்ட்னர் பார்வையிட வந்தார். அங்கே ஜெர்மன் மொழியில் பேசியவற்றை எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் தருகிறேன்.

“உது ஆர் எழுதினது?”

“நான்தான் ஐயா.”

“இது என்ர அப்பா! மூண்டு வயசு. அவரைப் பொம்பிளைப் பிள்ளையாக்கிப் போட்டியளே! இனி ஒரு படமும் இஞ்சை இருக்காது.”

வேபர் அம்மையார் வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டார். “சரி. வெள்ளிக்கிழமை வெறும் பெட்டியளோடை வந்து படங்களைக் கொண்டு போறன்” என்றார் அவர்.

அவர் சென்றபின் அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அந்தக் காலத்தில பெடியளுக்கும் அஞ்சாறு வயசு வரை கவுன்தான். நான் முதலே சொல்லியிருக்க வேணும். பிழை எனக்கும்தான்” என்றார். அந்தச் சொல்லை இன்றளவும் நன்றியுடன் நினைக்கிறேன்.

மாலையில் ரயிலேறி, ஹம் நகரத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, மனைவி பவானியிடம் நடந்ததைக் கூறினேன்.

“ஆம்பிளைப் பிள்ளைக்குக் கவுன் போடுவினமெண்டு நான் எப்பிடி அறிவன்?”

அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. “ஐயோ, இதை ஆர் கேக்கிறது! முடி இறக்க முன்னம் உங்களுக்குப் பாவாடை கட்டி, பின்னலில பூ வைச்சுப் படம் எடுத்தவையெல்லே? மாமி தந்த படம் அல்பத்தில கிடக்கு. நல்ல வடிவான பொம்பிளை!”

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் தொங்கிய படம் அது. அமெரிக்கக் கவுனைக் கண்டபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் முதல் உருப்பெருக்கியுடன் அமர்ந்தேன். அம்மையார் அடையாளங்களைக் கற்றுத் தந்தார். நடு வகிடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்கு; பக்க வகிடும் கையில் சிறு சவுக்கும் பெரும்பாலும் பையனுக்கு. ஒன்றும் துலங்காத இடத்தில் ‘பிள்ளை’ என்று மட்டும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை லிண்ட்னர் பெட்டிகளுடன் வந்தார். திருத்திய அட்டைகளை வைத்து, அவருடைய தந்தையின் படத்தருகே, வீட்டிலிருந்து கொண்டுவந்த என் பாவாடைப் படத்தையும் வைத்தேன்.

“இந்தச் சின்னப் பொம்பிளை ஆர்?”

“நான்தான் ஐயா. எனக்கும் மூண்டு வயசு.”

இரண்டு படங்களையும் மாறி மாறி நெடுநேரம் பார்த்தார். “உங்களுக்குப் பூவும் வைச்சிருக்கினம். என்ர அப்பாவுக்கு அதுகூடக் கிடைக்கேல்லை” என்று கூறி, கண் கலங்கச் சிரித்தார். பின்பு அம்மையாரிடம், “மிச்சப் படங்களையும் கொண்டு வாறன். அட்டையை இவரே எழுதட்டும்” என்றார். கொண்டுவந்த பெட்டிகள் வெறுமையாகவே திரும்பின. அடுத்த வாரம் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டேன்.

தெரியாததைத் தெரிந்ததாக எழுதலாகாது, கேட்பதில் இழிவில்லை. அப்பணியில் நான் கற்றது இதுவே. அருள்கூர்ந்து இக்குறிப்பை உங்கள் ஆவணச் சேகரிப்பில், இத்துடன் இணைத்துள்ள என் பாவாடைப் படத்தின் பிரதியோடு சேர்த்து வைத்திருங்கள். படத்தின் பின்புறம் ‘பையன்’ என்று எழுதியிருக்கிறேன்.