கொடிக்கு நேரே அல்ல

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, மணலில் அமைத்த கோல்ஃப் மைதானம். பத்து மணிக்குத் தேர்வாய் கண்டிகை ஆலையில் இருக்க வேண்டும். அதற்குள் கடைசிக் குழிக்கு வந்துவிட்டோம். என் சக பொறியாளர் முரளியும் நானும் சமநிலையில் இருக்கிறோம். நான்கு லாரிகள் பக்கம் பக்கமாக ஓடலாம், புல்தரை அவ்வளவு அகலம். தூரத்துக் கொடிக்கு நேரே குறிவைக்கிறேன்.

என் மட்டைப் பையைத் தூக்கிவரும் தேவகி பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். "கொடிய இன்னாத்துக்கு சார் பாக்குற? இம்மாம் அகலம் சும்மாவா உட்டுக்கிறாங்க? எடது ஓரமா அடி. அங்கேர்ந்து வழி தொறந்து கீது."

நான் கேட்கவில்லை. என் பந்து கொடிக்கு முன்னாலிருக்கும் மணல் பள்ளத்தில் விழுகிறது. தேவகி சொன்னது காதில் விழுந்த முரளி, இடது ஓரம் அடித்துச் சிரிக்கிறார்.

பள்ளத்தருகே போனதும் தேவகி மணலை உற்றுப் பார்க்கிறார். "கறுத்துக்கினு கீது சார், ஈரம். படகு தள்ற மணல் மாறி கெட்டி. கரையும் தாழ்வுதான். தூக்கி அடிக்காத, உருட்டு."

குழியருகே பந்தை உருட்டப் பயன்படும் மட்டையை என் கையில் கொடுத்துவிட்டுக் கொடியை நோக்கி நடக்கிறார். நான் இன்னும் மட்டையை ஓங்கவே இல்லை. பந்து உள்ளே விழத் தோதாக, அவர் குழியிலிருந்து கொடியைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறார்.